நார்த்தாமலையைக் கொடுத்த நாள்

இப்போதெல்லாம் என் மகள் விடுகதை போட்டால், விடையை யோசிப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவளுக்கு அது பிடிப்பதில்லை. "என்னத்துக்கு ஆத்தா மூஞ்சியப் பாக்குற? வெட மூஞ்சியிலயா எழுதியிருக்கு?" என்கிறாள். விடை சொல்லுக்குள்தான் இருக்கும், ஆளிடம் இருக்காது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஒரு பங்குனி மாதத்தோடு போயிற்று.

ஆலங்குடிப் பக்கத்தில் நான் பிறந்த வீட்டில் விடுகதை என்றால் பாதி சண்டை. எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். முந்திரிக்கொல்லையில் கொட்டை பொறுக்கும்போது ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுக்கொள்வோம். விடை தெரியாதவர் 'ஊர் கொடுக்க' வேண்டும். அதாவது, "இன்ன ஊரைக் குடுத்தேன்" என்று வாயால் சொல்லித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கியவர் அந்த ஊருக்கு ராஜா. ராஜா உடனே விடையைச் சொல்லிவிட மாட்டார். முதலில் தோற்றவருக்கு அந்த ஊரில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பார். "அந்த ஊரு எருமைக்கெல்லாம் ஒன்னயப் பல்லு வெளக்கிவிட வச்சிட்டேன்" என்பார் அண்ணன். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும். அதன் பிறகுதான் விடை. வேலை கொடுக்காமல் விடுகதை முடியாது.

அண்ணன் வளர்ந்ததும் ரங்கூனுக்குப் போனார். வருஷத்துக்கு ஒருமுறை வந்தவர், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்தார். நான் புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். வாழ்க்கைப்பட்டதும் அதே ஊரில். கணவருக்கு சமஸ்தானத்து ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். முதலில் ஒரு மகன், ஏழு வருஷம் கழித்து ஒரு மகள்.

மகனுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஆலங்குடி பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் இருக்கட்டும் என்று விடுகதையைத் தொடங்கினேன். "மண்ணுக்குள்ள தொட்டிலு, தொட்டிலுக்குள்ள ரெட்டப் புள்ள" என்றேன். வெளியே இருபுறமும் கடலைக் கொல்லைகள். அவன் உடனே கண்டுபிடித்துவிட்டான். அடுத்தது தன் முறை என்றான்.

"காலு இல்ல. ஆனா ஓடும். அது என்ன?"

தண்ணீர் என்றேன். இல்லை. பாம்பு, காற்று, பேச்சு என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் இல்லை. ஓர் ஊரைக் கொடுத்துவிட்டு விடையைக் கேட்டேன்.

"நாய்."

"நாய்க்குக் காலு இல்லையாடா?"

"இருக்கு. நீ கண்டுபிடிக்கக் கூடாதுல்ல, அதான் இல்லேன்னு சொன்னேன்."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவனுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். விடுகதையில் ஒளிக்கலாம், பொய் சொல்லக் கூடாது. மறைத்து வைத்தது முழுக்க உண்மையாக இருக்க வேண்டும். தலையை ஆட்டினான். அது அவன் மனதில் எவ்வளவு ஒட்டியது என்று தெரியாது. பின்னால் பிறந்த மகள் அதை வேதம் போலப் பிடித்துக்கொண்டாள். நாலு வயதிலேயே, விளையாட்டுக்குப் போடும் விடுகதையில்கூட ஒரு சொல் தப்பாக வந்துவிட்டால், "இரு இரு, தப்பாப் போட்டுட்டேன்" என்று முதலிலிருந்து போடுவாள்.

மகனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதானபோது வாரப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டி வந்தது. புதுக்கோட்டையில் அப்போது படிக்கத் தெரிந்த வீடுகளிலெல்லாம் அந்தப் பைத்தியம். என் கணவருக்கு மட்டும் அது ஆகாது. "நல்லாத் திரிஞ்ச எழுத்தையெல்லாம் புடிச்சு ஜெயில்ல போட்டு வச்சிருக்கானுவ. நீங்க போயி ஜாமீன் எடுக்குறீங்களாக்கும்" என்பார். ஆனால் பத்திரிகையை ஆபீஸ் நண்பரிடம் வாங்கிவந்து தருகிறவரும் அவரே.

நானும் மகனும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு போடுவோம். அவனுக்குப் பொறுமை கிடையாது. சொல் அகப்படாவிட்டால் தானே ஒரு சொல்லை உண்டாக்கி எழுதிவிடுவான். "இப்படி ஒரு சொல்லே தமிழ்ல இல்லடா" என்றால், "இனிமே இருக்கட்டும் ஆத்தா. கட்டம் நெறையணும், அவ்வளவுதான்" என்பான். நான் அழித்து எழுதுவேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலும், கறுப்புக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பாள். பிறகு அவளும் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் மூன்று தலையும் ஒரே தாளின்மேல் முட்டிக்கொண்டு இருக்கும். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. எங்கள் பக்கத்தில் பர்மாவுக்கு ஆள் போகாத தெரு இல்லை. காட்டு வழியாக நடந்தே திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அண்ணனைப் பற்றிக் கேட்டோம். ஒருவர் அவரைப் புறப்படும்போது பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் ஆற்றங்கரையில் காய்ச்சலோடு பார்த்ததாகச் சொன்னார். அதற்கப்பால் பார்த்தவர் யாருமில்லை. இன்றுவரை அவர் இறந்தார் என்றும் தெரியாது, இருக்கிறார் என்றும் தெரியாது.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் என் மகன் ஒரு நாள் சாப்பிடும்போது பேச்செடுத்தான். இண்டர்மீடியட் பரீட்சையில் தவறிவிட்டு வீட்டிலிருந்த சமயம்.

"ஆத்தா, திருச்சியில ஆள் எடுக்குறாங்க. ஒயர்லெஸ் வேலை."

"யுத்தத்துக்கா?"

"சண்ட போடுற வேலை இல்ல. காதுல மாட்டிக்கிட்டுக் கேக்குறதுதான். டக்கு டக்குன்னு வரும். புள்ளியும் கோடும். அத எழுத்தா மாத்தணும். குறுக்கெழுத்து மாதிரின்னு வச்சிக்கயேன். நீயே போட்டுருவ."

"மேல இருந்து குண்டு போடுறவன், இவன் ஒயர்லெஸ்காரன் விட்டுருவோம்னு பாத்தா போடுவான்? ஒன் மாமன் துப்பாக்கியா தூக்குனாரு?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"நான் உசுரோட இருக்குற வரைக்கும் இல்ல. ஒத்தைப் புள்ளய அனுப்பிட்டு வழி பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க என்னால ஆகாது."

"சரி ஆத்தா" என்றான்.

கணவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவன் சொன்ன அந்த 'சரி'யை நான் அப்படியே நம்பினேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்காதது எனக்கு அவனிடம் பெருமையாகக்கூட இருந்தது.

நார்த்தாமலை மாரியம்மனுக்குப் பங்குனியில் திருவிழா. தேர் பார்க்கக் கூட்டாளிகளோடு போகிறேன், அப்படியே மலைமேல் இருக்கிற பழைய கோயிலையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்த பிள்ளை தானாக வெளியே கிளம்புகிறதே என்று எனக்குச் சந்தோஷம். விடிந்ததும் புளிச்சோறு கிளறினேன். அவனுக்குப் பிடிக்கும் என்று கடலை நிறையப் போட்டேன். மந்தார இலையில் சூட்டோடு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து என் பக்கத்தில் குந்தினாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

"ஆத்தா, ஒரு விடுகதை போடவா?"

"இப்பவா? கையெல்லாம் எண்ணெய்."

"கையில என்ன இருந்தா என்ன, காது சும்மாதான இருக்கு. கேளு. 'மலைக்குப் போவான், மலை ஏற மாட்டான். கட்டுச்சோறு கொண்டு போவான், கட்டுனவகிட்டத் திரும்ப மாட்டான்.' அது யாரு?"

நன்றாக இருக்கிறதே, புதிதாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். எறும்பு என்றேன். இல்லை என்றாள். மேகம் என்றேன்.

"மேகம் சோறு கொண்டு போகுமா? நல்லா யோசி ஆத்தா."

"அப்ப ஆறு. மலையில இருந்து வரும்..."

"வராது. போகும். போவான்னு சொன்னேன். நீ சரியாவே கேக்க மாட்டேங்குற. அது யாருன்னுதான் கேட்டேன். என்னன்னா கேட்டேன்?"

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் அது அழுகையின் முன்வாசல். அப்போது, தான் போட்ட விடுகதைக்கு நான் மதிப்புக் கொடுக்கவில்லை என்ற கோபம் என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆச்சா ஆத்தா? பஸ் போயிரும்" என்று குரல் கொடுத்தான். எனக்குப் பொட்டலம் கட்டுகிற அவசரம்.

"தெரியலடி. நார்த்தாமலையவே குடுத்தேன் போ."

வழக்கமாக ஊர் வாங்கியதும் குதிப்பாள். எனக்கு என்ன வேலை போடலாம் என்று கண்ணை உருட்டுவாள். அன்று எழுந்து நின்றாள். "நெசமாவே குடுத்துட்டியா?" என்று கேட்டாள்.

"குடுத்துட்டேன், குடுத்துட்டேன். ஒங்க அண்ணனுக்குத் தண்ணிச் செம்பை எடுத்துக் குடு."

வேலை எதுவும் கொடுக்கவில்லை அவள். விடையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "வாரேன் ஆத்தா" என்று போனான். தெருமுனையில் திரும்பும்போது ஒருமுறை பார்த்தான்.

பொழுது சாயும் நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். வெயில் தாழ்ந்ததும் நான் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கத் தொடங்கினேன். அது என் சுபாவம். யார் வெளியே போனாலும் திரும்பி வருகிறவரை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கணவர் அன்று ஆபீசிலிருந்து நேரத்தோடு வந்திருந்தார். கையில் அந்த வாரத்துப் பத்திரிகை.

"இந்தா, வா இங்கிட்டு. இதுல அப்படி என்னதான் இருக்குன்னு இன்னிக்குப் பாத்துருவோம்" என்றார்.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம். "கட்டம் போடவா வெளக்கு எரிக்கிறீங்க?" என்று சத்தம் போடுகிறவர், தானே லாந்தரைத் துடைத்து ஏற்றி, திரியைத் தூண்டி, எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மழைக்கு முன்னால வருவது. மூணு கட்டம். என்னா? ஆறு."

"மழைக்கு முன்னால எப்புடிங்க ஆறு வரும்? அதோட அது ரெண்டு எழுத்து."

"அப்ப நீயே சொல்லு."

"காற்று."

அவர் எழுதினார். ஒரு கட்டத்துக்குள் 'காற்' என்றும் அடுத்ததில் 'று' என்றும் எழுதிவிட்டு, "ஒரு கட்டம் மிச்சம் கெடக்கே" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டுங்க. இத்தன வருஷமா எங்ககூட இருக்கீங்க, இது தெரியாதா?"

"புள்ளிக்கெல்லாமா கட்டம் குடுப்பான்? நல்ல சர்க்கார்தான்" என்றார்.

நான் எழுந்து வாசலைப் பார்க்கப் போகும்போதெல்லாம், "இரு, இதச் சொல்லிட்டுப் போ, எனக்கு மண்டை வெடிச்சிரும்" என்று பிடித்து உட்காரவைத்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடித்த ஒன்றை அவர் என்னோடு சேர்ந்து செய்தது அதுதான் முதல் தடவை. மகள் எங்களோடு உட்காரவில்லை. சுவரோரம் திரும்பிப் படுத்திருந்தாள். வயிற்றுவலி என்றாள். தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. கணவர் பென்சிலைக் கீழே வைத்தார். சற்று நேரம் கழித்து, "போதும், கண்ணு வலிக்குது" என்று எழுந்துகொண்டார்.

மகன் வரவில்லை. "தேர்க் கூட்டம். கூட்டாளிகளோட அங்கனயே படுத்திருப்பான்" என்றார் கணவர்.

மறுநாள் காலையில் அவர் ஆபீசுக்குப் போன பிறகும் அவன் வரவில்லை. திருவிழாக் கூட்டத்தில் காலரா வந்துவிட்டதோ, மலையில் வழுக்கி விழுந்துவிட்டானோ என்று பயந்தேன். நானே நார்த்தாமலைக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசற்படியில் மகள் குறுக்கே வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அங்க போகாத ஆத்தா. அண்ணன் அங்க இல்ல."

"எங்கடி இருக்கான்?"

"திருச்சியில. நேத்து நார்த்தாமல டேசன்ல ரயில் ஏறிருச்சு. இங்கன ஏறுனா யாராச்சும் பாத்து ஒங்கிட்டச் சொல்லிருவாங்கன்னு அங்கிட்டுப் போயி ஏறிருச்சு. பட்டாளத்துல சேர."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினாள்.

"தெரிஞ்சும் வாயத் தொறக்கலையாடி பாவி?"

"தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருச்சு. சொன்னா குண்டு பட்டுச் செத்துப்போவேன்னுச்சு." விக்கி விக்கி அழுதாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஆனா நான் சொன்னேனே ஆத்தா! விடுகதையாப் போட்டாச் சொன்னதா ஆகாதுல்ல. அதான் போட்டேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல. நீதான் ஊரக் குடுத்துட்ட."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"அப்பாவுக்கு?"

அவள் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உள்ளே அணைந்து கிடந்த லாந்தரைப் பார்த்தாள்.

மதியம் கணவர் சாப்பிட வந்தபோது நான் இலை போடவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"நேத்து எதுக்கு எங்கூட ஒக்காந்தீங்க?"

"நீ வாசலையே பாத்துக்கிட்டு இருந்த. சந்தேகம் வந்து ஆளவிட்டுத் தேடச் சொல்லியிருப்ப. அந்தி ரயில் போற வரைக்கும் ஒன்னய ஒரு எடத்துல ஒக்கார வைக்கணும்ல."

"அதுக்கு இதுதான் கெடச்சிச்சா?"

"வேற எதுக்கு நீ அசையாம ஒக்காருவ?" என்றார். உண்மையாகவே கேட்டார். பிறகு, தன் பக்க நியாயத்தைச் சொன்னார். "பரீட்சையிலயும் தவறிட்டான். எந்த ஆபீஸ்லயும் எடம் இல்ல. ஆம்பளப் புள்ளய எத்தன நாளைக்கு மடியில வச்சிருப்ப? எல்லாம் ஒன் நல்லதுக்கும்தான்."

அவர் சொன்னதில் பாதிக்காவது நியாயம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மகன்மேல் கோபப்பட எனக்கு வழி இருந்தது. வயசுப் பிள்ளை, போக வேண்டும் என்று துடித்தான், போனான். மகளிடம் ஒரு மாதம் போல முகம் கொடுத்துப் பேசவில்லை. அது தப்பு என்று தெரிந்தும் என்னால் முடியவில்லை. சத்தியத்துக்கும் எனக்கும் நடுவில் அந்தக் குழந்தை கண்டுபிடித்த சின்னச் சந்து அந்த விடுகதை. அதை நினைத்தால் கோபம் இளகும். ஆனாலும் தெரிந்தேதானே தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தாள் என்ற நினைப்பும் கூடவே வரும். கணவரை மட்டும் எந்த வகையிலும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மறைத்ததோடு, பொய் சொன்னதோடு நின்றிருந்தால், கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் என்னோடு சிரித்தார். நான் சந்தோஷமாக இருந்தேன். என் பிள்ளை ரயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு புள்ளிக்குக் கட்டம் உண்டு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மகன் முதல் தடவை லீவில் வந்தபோது ஆள் கறுத்து, மீசை வைத்து, வேற்று மனிதனாக இருந்தான். எங்கெங்கோ ஊர்ப் பெயர்களைச் சொன்னான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"எதுக்குடா சொல்லாமப் போன?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்பறம் என்ன ஆத்தா?" என்று சிரித்தான். ஆனால் விடுவதும் மறுப்பதும் என் பங்கு அல்லவா? அழுது, கத்தி, கதவை மறித்து, கடைசியில் தோற்றுப்போய் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பியிருப்பேனோ என்னவோ. அது எனக்குக் கிடைக்கவில்லை. இதை அவனிடம் சொல்லத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

லீவு முடிந்து புறப்பட்டபோது எல்லாவற்றையும் முன்கூட்டியே என்னிடம் சொன்னான். எந்த ரயில், எங்கே மாறுவது, போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று. புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். பட்டப்பகல், நல்ல வெயில். பெட்டியில் ஏறி, கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். வண்டி நகர்ந்ததும் மகள் கூடவே ஓடினாள். நான் நின்ற இடத்தில் நின்றேன்.

திரும்பி நடக்கும்போது கணவர் மெதுவாகக் கேட்டார்: "இந்தத் தடவை ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான போறான்?"

"ஆமா."

"அப்பக்கூட மூஞ்சி இப்படி இருக்கே?"

எல்லாம் என் கண்முன்னால் நடந்தால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நானும்தான் எண்ணியிருந்தேன். இருக்கவில்லை. இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. அவன் மட்டும் இன்னும் அதே வேலையில், வடக்கே எங்கோ இருக்கிறான். அன்றைக்கு மகள் ஓடிக் களைத்து மூச்சு வாங்க எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் நடந்தேன்.